வண்டல்

குரோம்பேட்டை என்ற பெயருக்குள் ஓர் உலோகம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெயரைத் தபால் உறைகளிலும் சந்தாப் படிவங்களிலும் எழுதி வருகிறேன். மின்சார ரயிலுக்கு டிக்கட் கேட்கிற யாருக்கும் இந்தச் சொல்லில் குரோமியம் கேட்பதில்லை. இடப்பெயர்கள் இப்படித்தான்; புழங்கிப் புழங்கிப் பொருள் தேய்ந்து ஒலி மட்டும் மிஞ்சும். ஆனால் இந்த ஊரின் பெயரிலிருந்து உதிர்ந்த பொருள் வேறோர் இடத்தில் போய்த் தங்கியிருக்கிறது. அந்த இடம் ஏரிகளின் அடிச்சேறு. கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்துவரும் விஷயம் இது.

பெயரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1903 வாக்கில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்தது பூட்ஸ் அல்ல, கவலை. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையின் தோல் பை, ஆவாரம்பட்டையில் பதனிட்டதாக இருந்தால், ஓயாமல் நனைந்து சீக்கிரம் வீணாகிவிடும். குரோமியம் ஏறிய தோல் தண்ணீருக்கு அசையாது. குடியானவனின் செலவைக் குறைக்கலாம் என்பது திட்டம். சோதனை தொழிலாயிற்று, சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்துக்குத் தெற்கே அமைந்தது, அதைச் சுற்றி ஒரு பேட்டை வளர்ந்தது. தண்ணீர் இறைக்க வந்த ஒரு ரசாயனம், பின்னால் அதே மண்ணின் தண்ணீரில் கலந்தது. இதில் வில்லன் என்று யாரையும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையை எழுதக் கடினமாக்குகிறது.

குரோமியம் தோலின் நார்களுக்கிடையே போய்ப் பிணைகிறது. பழைய முறையில் போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தோலுக்குள் சென்றது. மீதி கழிவுநீரோடு வெளியேறியது. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அந்த மீதியைத் திரும்ப எடுக்கவும் குறைக்கவும் வழிகள் கண்டது. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் கழிவு பள்ளம் பார்த்துப் போனது. இப்பகுதியின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் குரோமியம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் வேலையைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்த சமூகம், ஊருக்கு வெளியே இருப்பது ஏரி என்பதை யோசிக்கவில்லை. தீட்டுக்கு நம்மிடம் நுணுக்கமான இலக்கணம் இருந்தது. மாசுக்கு ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவரவே நெடுங்காலம் பிடித்தது.

தோல் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். மின்முலாம் பூசும் பட்டறைகள், பழைய பேட்டரிகள், வர்ணங்கள், சாக்கடை எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிய வண்டிகளின் பெட்ரோலில் 2000ஆம் ஆண்டுவரை ஈயம் இருந்தது. புகையில் போன ஈயம் எங்கும் போய்விடவில்லை. சாலைப் புழுதியில் இறங்கி, மழையில் கழுவப்பட்டு, அருகிலிருந்த நீர்நிலையைச் சேர்ந்தது. செம்பாக்கம் ஏரியிலிருந்து நன்மங்கலம், அங்கிருந்து பள்ளிக்கரணை, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகக் கடலோரக் கால்வாய் என்று இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று கலங்கலால் பேசிக்கொள்கிறவை. ஓர் ஏரியில் போட்டது அந்த ஏரியோடு நிற்பதில்லை. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர் சொச்சம், இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று. பல்லாவரம் பெரிய ஏரியையோ துரைப்பாக்கம் செல்லும் சாலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பஸ்ஸில் அந்தச் சாலையைக் கடக்கிறவருக்கு இருபக்கமும் தெரிவது தண்ணீரின் மேல்தோல் மட்டுமே.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் என்பது, இந்தப் பக்கங்களில் எழுதுகிற, படிக்கிற சிறு கூட்டம். நம் கவிதைகளில் ஏரி எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒரு மதியம் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். நிறைய வந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லா இடத்திலும் அது இழப்பின் அடையாளம். அல்லது மனத்தின் அமைதிக்கு ஓர் உவமை. அடி தெரியும் ஏரி, அலையற்ற ஏரி, தூர்ந்துபோன ஏரி. ஏரியின் அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கவிதையும் கையை விட்டுப் பார்க்கவில்லை. ஆழம் என்ற சொல்லை விமர்சனத்தில் இவ்வளவு செலவழித்த நாம், ஸ்தூலமான ஓர் ஆழத்தின் பக்கம் போகவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

போகாததற்கு ஒரு காரணம் மொழியிலேயே இருக்கிறது. ஏரியின் அடியில் இருப்பதற்குத் தமிழில் வண்டல் என்று பெயர். அது செழிப்பின் சொல். கோடையில் வற்றிய ஏரியிலிருந்து வண்டியில் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது நம் விவசாயத்தின் பழைய ஞானம். ஏரிக்குக் கொள்ளளவு கூடும், வயலுக்கு உரம் சேரும். ஒரே வேலையில் இரண்டு லாபம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. கிராமத்து ஏரிகளைப் பொறுத்தவரை இதில் குறை காண ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் வண்டலூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதில் வண்டல் உண்டா என்பதைப் பெயராய்வாளர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வருவது, தாம்பரத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் வண்டல் என்ற சொல்லின் பொருள் ஓசையில்லாமல் மாறிவிட்டது, சொல்லுக்கு அது இன்னும் தெரியவில்லை என்பதுதான்.

2015 டிசம்பரில் அந்தச் சேற்றை வீட்டுக்குள்ளேயே பார்த்தோம். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாறு முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தையும் மூழ்கடித்தது. முடிச்சூரில் என் தங்கை வீட்டில் நீர் வடிந்தபோது கணுக்காலளவு சேறு. அவள் வீட்டுப் பரணில் இடமில்லாமல் கீழ் அலமாரியில் நான் வைத்திருந்த சிறுபத்திரிகைக் கட்டுகள் அதில் ஊறி ஒரே செங்கல்லாகிவிட்டிருந்தன. பிரிக்க முடியவில்லை. நாங்கள் அந்தச் சேற்றைக் கையால் வாரி வாளியில் போட்டுத் தெருவில் கொட்டினோம். தெருவெல்லாம் அப்படித்தான் செய்தது. கொழுந்தனார், "நல்ல வண்டல்தான், தோட்டம் இருந்தா போடலாம்" என்றார். அவர் விவசாயக் குடும்பம். சேறு என்றால் அவருக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

இதை ஒரு பிரச்னையாக எடுத்து யோசிக்க வைத்தது எங்கள் எதிர்வீட்டு அம்மாள். மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். பக்கத்து ஏரி ஒன்றில் தூர் வாரியபோது ஆள் வைத்துப் பத்துப் பன்னிரண்டு மூட்டை மண் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்பினார். "ஏரி மண்ணு சார், உரமே வேண்டாம்" என்று சொல்லி, வாரத்துக்கு இரண்டு நாள் அரைக்கீரையும் சிறுகீரையும் கொடுத்தனுப்புவார். பசேலென்ற கீரை. நன்றாகவே இருந்தது. அந்த ஏரிக் கரையில் ஒரு காலத்தில் குப்பை மலையாகக் கிடந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வண்டல் என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. அவரிடம் என்ன சொல்வது? உங்கள் கீரையில் விஷம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஒன்றுமில்லை என்று சாப்பிடவும் மனமில்லை.

கல்லூரியில் ரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இந்தப் பத்திரிகையின் பழைய சந்தாதாரர்; கவிதையில் படிமம் என்றால் கேலி செய்வார். ஒரு பொட்டலம் மண்ணோடு அவரிடம் போனேன். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமலே கேட்டார்: "எதோட ஒப்பிட்டுப் பார்க்கணும்னு சொல்லுய்யா, அப்புறம் அளக்கலாம்."

அந்த ஒரு கேள்வியில் ஒரு மாலை போயிற்று. சேற்றில் ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பது தன்னளவில் ஒன்றையும் சொல்லாது. மனிதன் தலையிடாவிட்டாலும் அங்கே எவ்வளவு இருந்திருக்கும் என்பது தெரிய வேண்டும். அதைப் பின்புல அளவு என்கிறார்கள். ஜெர்மனியில் ம்யூல்லர் என்பவர் 1969இல் ரைன் நதியின் படிவுகளுக்காக ஒரு குறியீட்டெண் வகுத்தார். அதில் பின்புல அளவை ஒன்றரையால் பெருக்கி, இயற்கையின் ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டார். தங்கள் இடத்துப் பின்புலம் தெரியாதவர்கள் பலர் உலகச் சராசரிக் களிப்பாறையின் எண்களை எடுத்துக்கொள்கிறார்கள்: கிலோவுக்குக் குரோமியம் 90 மில்லிகிராம், ஈயம் 20, காட்மியம் 0.3. ஆனால் எங்கள் குன்றுகள் சராசரி அல்ல. பரங்கிமலை, பல்லாவரம் பாறைக்கு சார்னோக்கைட் என்று 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். இப்படித் தனக்கென்று ஒரு பாறையே உள்ள இடத்தின் சேற்றை உலகச் சராசரியால் எப்படி அளப்பது? தொழில் வருவதற்கு முந்தைய மண்ணை இங்கேயே தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது அபாயத்தை அளப்பது. ஸ்வீடன்காரர் ஹாகன்ஸன் 1980இல் ஒரு முறையை வெளியிட்டார். பின்புலத்தைப்போல் எத்தனை மடங்கு இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வோர் உலோகத்தையும் அதன் நச்சுத்தன்மைக்கான எடையால் பெருக்குவது. பாதரசத்துக்கு எடை 40, காட்மியத்துக்கு 30, ஆர்சனிக்குக்கு 10, ஈயத்துக்கும் தாமிரத்துக்கும் 5, குரோமியத்துக்கு 2, துத்தநாகத்துக்கு 1. பெருக்கி வருவது 40க்குள் இருந்தால் அந்த உலோகத்தால் அபாயம் குறைவு. எல்லாவற்றையும் கூட்டி 150க்குள் வந்தால் ஏரிக்கே அபாயம் குறைவு. 600ஐத் தாண்டினால் மிக அதிகம். உலகெங்கும் ஏரிகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் இந்தக் கணக்குத்தான் இன்றும் போடப்படுகிறது.

இதைக் குரோம்பேட்டைக்குப் போட்டுப் பாருங்கள் என்றார் நண்பர். ஓர் ஏரிச் சேற்றில் குரோமியம் பின்புலத்தைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், பத்தை இரண்டால் பெருக்க 20. அபாயம் குறைவு. பத்தொன்பது மடங்கானாலும் 38, அப்போதும் குறைவுதான். காட்மியம் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும், 45 ஆகிவிடும். கணக்கில் தப்பில்லை. இயற்கையில் அரிதாக உள்ள உலோகத்துக்கு அதிக எடை என்பது அவர் தத்துவம். ஆனால் குரோமியத்துக்கு இரண்டு முகங்கள். மூன்று இணைதிறன் கொண்டது அநேகமாகக் கரையாமல் சேற்றோடு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்து 2 என்ற எடையைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொன்றும் உண்டு: ஏரியின் உயிர்வளத்துக்குத் தக்கபடி எடைகள் மாற வேண்டும் என்று ஹாகன்ஸனே சொல்லியிருக்கிறார். பிற்காலத்து ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பகுதி உதிர்ந்துபோய் எண்கள் மட்டும் தங்கிவிட்டன.

கேட்டுக்கொண்டிருந்தபோது நம் விமர்சனச் சண்டைகளே எனக்கு ஞாபகம் வந்தன. வேறு மண்ணில் ஒருவர் தம் மரபுக்காக நிபந்தனைகளோடு செய்த அளவுகோலை, நிபந்தனைகளை விட்டுவிட்டு நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் படைப்பு அதில் எத்தனை அங்குலம் தேறுகிறது என்று பார்க்கிறோம். அளவுகோலே வேண்டாம் என்ற கட்சியும் நம்மிடம் உண்டு. இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. ஹாகன்ஸனின் முறை இல்லாவிட்டால் எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்ல என்னிடம் பயத்தைத் தவிர வேறெதுவும் இருக்காது. அவர் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால் பொய்யான நிம்மதி கிடைக்கும். எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பதைத் தவிர வழியில்லை.

சேறு செய்கிற வேலை ஒன்றையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏரியின் அடியில் காற்று புகாது. அழுகும் பொருளிலிருந்து உண்டாகும் கந்தகம் காட்மியத்தையும் ஈயத்தையும் தாமிரத்தையும் சல்ஃபைடாகக் கட்டிப்போடுகிறது. அந்தக் கரிய நிறமும் அழுகின முட்டை வாடையும் ஒருவிதத்தில் காவல்தான். ஸ்வீடனின் ஏரிகள் ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பவை. நம் ஏரிகள் ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் பாளம் பாளமாக வெடிப்பவை. வெடிப்பில் காற்று புகும்போது சல்ஃபைடு சிதைந்து உலோகங்கள் விடுபடுகின்றன. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடு, கரையாத குரோமியத்தில் ஒரு பங்கைக் கரையும் குரோமியமாக மாற்றவும் கூடும். அடுத்த மழையில் அவை புறப்படும். பொக்லைன் வைத்துத் தோண்டிக் கரையில் குவித்துக் காயவிடுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் விரைவாக. ஆகாயத்தாமரை உலோகங்களை உறிஞ்சும் என்பது உண்மை. அதை அரித்துக் கரையிலேயே மக்கவிட்டால் உறிஞ்சியது திரும்ப ஏரிக்கே போகும் என்பதும் உண்மை.

சேற்றில் வாழும் சிவப்புப் புழுக்களைத் தின்று கெளுத்தியும் கெண்டையும் வளர்கின்றன, அவற்றைத் தின்ன நாரையும் கூழைக்கடாவும் வருகின்றன. இந்த வரிசையில் படிப்படியாகப் பெருகிக்கொண்டே போவது முக்கியமாக மெதில் பாதரசம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஏரிச் சேற்றிலும் மீனிலும் காணப்பட்டது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் நோய் அறியப்பட்டது 1956இல். அங்கே சேற்றை அள்ளி, மேலே தடுப்பு வைத்து மூடிப் புதைத்து முடிக்க 1977 முதல் 1990 வரை ஆயிற்று. அப்படி உண்டான நிலம் 58 ஹெக்டேர். அள்ளும் முன் அளந்தார்கள் என்பதை நான் குறித்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் குறித்துக்கொள்கிறேன். மினமாட்டாவைப் பற்றி 1969இல் வந்து நாட்டை உலுக்கிய புத்தகத்தை எழுதியவர் விஞ்ஞானி அல்ல. அந்தப் பக்கத்திலேயே வாழ்ந்த, கவிதை எழுதிக்கொண்டிருந்த, இஷிமுரே மிச்சிகோ என்ற குடும்பப் பெண்.

நம்மிடமும் சட்டத்தில் பிடி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு செய்கிறவனுடையது, பாதிக்கப்பட்டவனுடையது அல்ல என்பது அதன் சாரம். அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்தத் தீர்ப்பின் எல்லைக்குள் வந்தது. ஆக, தூர் வாரிய மண்ணை ஒருவர் மாடிக்குக் கொண்டுபோகும் முன் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் அந்த அம்மாள் அல்ல.

நண்பர் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மொத்த அளவு போதாது, எந்த வடிவில் இருக்கிறது என்று படிப்படியாகக் கரைத்துப் பார்க்கும் முறை 1979இலேயே வந்திருக்கிறது, அதற்கு ஆள் பிடிக்க வேண்டும் என்றார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். குரோமியம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், காட்மியம் இலைவரை ஏறும்; கீரையும் கிழங்கும் வேண்டாம், பூச்செடி வைக்கச் சொல் என்றார்.

அப்படியே போய்ச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மத்த மூட்டையெல்லாம் எங்க சார் போயிருக்கும்?" என்று கேட்டார். கரையில் அன்று நூற்றுக்கணக்கான மூட்டைகள் இருந்தன. லாரிகளும் வந்து போயின. தொட்டிகளில் இப்போது செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருக்கின்றன. கீரைக்கு வேறு மண் வாங்கியிருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2021இல் எங்கள் பேரூர்களையும் நகராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்றாக்கினார்கள். இதன் எல்லைக்குள் எந்த ஏரியைத் தூர் வாரினாலும், வாரும் முன் சேற்றை மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகச் சோதித்து, கண்டதைக் கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்கக் கேட்டு ஒரு மனு தயாராகிறது. அந்தப் பலகையின் வாசகத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். கீரை விற்கிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் மண் அள்ள வருகிறவருக்கும் புரிய வேண்டும்; பயமுறுத்தவும் கூடாது, சமாதானம் சொல்லவும் கூடாது. எட்டு வரிக்கு மேல் பலகை தாங்காது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வண்டல் என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். அதை அந்தப் பலகையில் வைத்துக்கொள்வதா, வேறு சொல் தேடுவதா என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.